படத்துக்கு வெளியே நின்றவர்கள்

மதுரையில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் யாரைக் கும்பிடுகிறது, யாரைப் பரணில் ஏற்றிவிட்டது என்பது மற்றவர்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். வாரத்துக்கு நாலு என்று வந்துகொண்டிருந்த ஒரு தலைவரின் படம் மாதத்துக்கு ஒன்றாகும். பிறகு அதுவும் நின்றுபோகும். சாமி படத்துக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

எங்கள் காலத்தில் சாமி படம் என்றால் பெரும்பாலும் காலண்டர் படம்தான். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்து, சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இலவசமாகக் கொடுத்த படங்கள். ராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். தென்னாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு முருகன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்ததற்கு அவரும் அவர் சீடர்களும்தான் காரணம். வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கடைக்குக் கொண்டுவருவார்கள். ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருந்தால், “அந்த எழுத்தை மறைச்சுப் பிரேம் போடுங்கண்ணே, சாமி பக்கத்துல என்ன மனுஷன் பேரு?” என்று சொன்னவர்கள் உண்டு. நானும் மறைத்துத்தான் போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர் சொன்னால் போட வேண்டியதுதானே.

அடுத்தபடியாக வருவது இறந்தவர் படம். ரேஷன் கார்டில் இருக்கும் தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, இல்லாத சட்டைக் காலரை வரைந்து கொண்டுவருவார்கள். செட்டிநாட்டுப் பக்கமிருந்து பெரிய பெரிய தேக்குச் சட்டங்கள் பழுது பார்க்க வரும். அந்த வீடுகளில் படத்தை வாசல் நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்ந்தபடி மாட்டுவார்கள். உள்ளே நுழைகிறவனைப் பாட்டையா குனிந்து பார்ப்பார். அப்புறம் காமராஜர், அண்ணா, பெரியார், எம்.ஜி.ஆர், தேவர், அம்பேத்கர், காந்தி.

வராதவர்கள் யார் என்பதுதான் எனக்கு வயதான பிறகு உறைத்தது. ஒரு குயவர் படம் வந்ததில்லை. ஒரு கொத்தனார், தறிக்காரர், பொருள் செய்து வாழ்ந்த எவருடைய படமும் ‘இவர் இதைச் செய்தார்’ என்பதற்காகப் பிரேம் போட வந்ததில்லை. அவர்கள் படம் வந்தால் அது அப்பா படமாக வரும், அவ்வளவுதான்.

அப்படியிருக்கையில் ஜெர்மனியில் டிரெஸ்டன் ஊரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், ஆனையூர்ப் பக்கம் வீடு கட்டியவன், சுருட்டி வைத்த அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தான். மகன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்ட காலம் அது. நான் சும்மா போய் உட்கார்ந்திருப்பேன். விரித்துப் பார்த்தால் பழைய உலைக்கூடம், வெள்ளைக்காரர் ஒருவர்.

“யாரு தம்பி இது? விஞ்ஞானியா?”

“ஐரோப்பாவுல முதன்முதலா பீங்கான் செஞ்ச ஆளுங்கய்யா. போட்கர். நான் இருக்கிற ஊர்லதான் செஞ்சாரு. சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல மாட்டப் போறேன்.”

டீக்கோப்பை செய்தவருக்குச் சுவரில் இடமா என்று மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதில் பாதியை இங்கே சொல்கிறேன்.

யோஹான் பிரீட்ரிஹ் போட்கர் 1682இல் பிறந்தவர். பெர்லினில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகப் போனார். மருந்து இடிக்கச் சொன்னால், ராத்திரியில் ஈயத்தைத் தங்கமாக்கப் பார்த்தார். அதோடு நின்றிருக்கலாம். 1701இல் சிலரைக் கூட்டி வைத்து, காசு போட்டுத் தங்கம் எடுக்கும் வித்தையைக் காட்டிவிட்டார். வயது 19. செய்தி பரவியது. பிரஷ்ய அரசன் ஆள் அனுப்ப, இவர் எல்லை தாண்டி சாக்சனிக்கு ஓடினார். சாக்சனி அரசர் அகஸ்டஸோ போலந்துக்கும் ராஜா. ஸ்வீடனோடு போர், அரண்மனைச் செலவு, எந்நேரமும் பணமுடை. அவர் விடுவாரா? பிடித்து வைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இந்தப் பையனுக்குத்தான் பொருந்தும். தங்கம் செய்தால் விடுதலை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். 1703இல் ஆஸ்திரியாவுக்குத் தப்பி ஓடிப் பார்த்தார். பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். போட்கர் யோக்கியர் என்று நான் சொல்ல மாட்டேன். கைவசம் இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்கியவர் அவர். இப்படிப்பட்டவர்களை மதுரைக் கடைவீதியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற வீட்டை விற்று, கடைசியில் ஊரைவிட்டுப் போவார்கள். போட்கரும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தடுத்து வேறு பக்கம் திருப்பியது அவருடைய புத்தி இல்லை, இன்னொரு மனிதர்.

அந்த மனிதர் பெயர் சிர்ன்ஹௌஸ். 1651இல் பிறந்தவர், போட்கரைவிட முப்பது வயது மூத்தவர். கணக்கு மேதை, லைப்னிட்ஸுக்கு நண்பர், பாரிஸ் அறிவியல் கழகத்தில் உறுப்பினர். பெரிய பெரிய கண்ணாடி வில்லைகளைச் செய்து வெயிலை ஒரே புள்ளியில் குவித்து, எந்த மண் எவ்வளவு சூட்டில் உருகுகிறது என்று பல வருஷம் சோதித்து வந்தவர். சீனப் பீங்கானின் ரகசியம் மண்ணிலும் சூட்டிலும் இருக்கிறது என்று அவர் பிடித்துவிட்டார். சிறையில் கிடந்த பையனின் கைத்திறமையையும் பார்த்தார். தங்கத்தைத் தேடுவதை நிறுத்தி மண்ணைத் தொடும்படி போட்கரைத் தம் பக்கம் இழுத்தது அவர்தான். போட்கருக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை என்கிறார்கள். ராஜாவுக்குத் தங்கம் செய்ய வந்தவனைச் சட்டி செய்யச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

உலை கட்டவும் நெருப்புப் பிடிக்கவும் பிரைபெர்க் சுரங்கத்திலிருந்தும் உருக்காலையிலிருந்தும் ஆட்களை வரவழைத்தார்கள். எந்த மண் எங்கே கிடைக்கும் என்று அறிந்த பாப்ஸ்ட் ஃபான் ஓஹைன் என்ற சுரங்க அதிகாரி துணைக்கு வந்தார். முதலில் கிடைத்தது சிவப்பு நிறக் கல் போன்ற பாண்டம். ராஜா வந்து பார்த்தபோது, உலையில் சிவந்திருந்த தேநீர்க் கூஜாவை எடுத்து அப்படியே தண்ணீரில் போட்டுக் காட்டினார்கள், அது வெடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, வெறும் ஆவிபோல இருந்த பேச்சு கையில் பிடிக்கும் பொருளாக மாறியது அப்போதுதான்.

வெள்ளைப் பீங்கானுக்கு, வெள்ளை மண்ணோடு கூடவே இளகிப் பிணையும் இன்னொரு கல் வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு அலபாஸ்டர் எனும் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துக் கலந்தார்கள். சூடு 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற வேண்டும். நம்மூர்ச் சூளை அந்தச் சூட்டை நெருங்காது. நெருங்கினால் நம் மண்பானை குழைந்து சரிந்துவிடும். 1708 ஜனவரி 15 தேதியிட்ட அவர்களுடைய குறிப்பு ஒன்று இருக்கிறது. எந்தக் கலவை எத்தனை மணி நேரம் சூட்டில் நின்றது, என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுதி, ஒன்றுக்கு நேரே வெள்ளை, ஒளி ஊடுருவுகிறது என்று குறித்திருக்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சிர்ன்ஹௌஸ் இறந்துபோனார். 1709 மார்ச்சில் போட்கர் ராஜாவிடம், வெள்ளைப் பீங்கான் செய்ய எனக்குத் தெரியும் என்று அறிவித்தார். 1710இல் மைசன் நகரத்தின் குன்றுமேல் இருக்கும் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கியது.

‘எனக்கு’ என்று அவர் சொன்னது சரியா, ‘எங்களுக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். கண்டுபிடித்தது மூத்தவரா இளையவரா என்று பக்கம் பிரிந்து நிற்கிறார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. மூத்தவர் இல்லாவிட்டால் இளையவர் தங்கத்தோடு தூக்குமேடைக்குப் போயிருப்பார். இளையவர் இல்லாவிட்டால் மூத்தவரின் சோதனை காகிதத்தோடு நின்றிருக்கும். தகப்பனும் மகனும் சேர்ந்து நடத்திய எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும், இருவரும் ஒரே அறையில் இல்லாதபோது கேட்டால்.

பீங்கான் வந்த பிறகும் போட்கருக்கு உடனே விடுதலை இல்லை. ரகசியம் தெரிந்தவரை யார் வெளியே விடுவார்கள்? 1714இல்தான் விட்டார்கள். மண் கலவை ஒருவருக்கு, மேற்பூச்சு இன்னொருவருக்கு என்று ரகசியத்தையே துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் 1719இல் ஸ்டோல்சல் என்ற தொழிலாளி வியன்னாவுக்கு ஓடிப்போய் அங்கே சொல்லிக் கொடுத்தார். அதே வருஷம் மார்ச்சில் போட்கர் இறந்தார். உலைப்புகையும் குடியும் உடம்பை முடித்துவிட்டன. வயது 37. கோப்பையின் அடியில் நீல நிறத்தில் வாள்கள் இரண்டு குறுக்காக வரைந்திருக்கும் மைசன் முத்திரை 1720களில் வந்தது. அது சாக்சனி அரசின் சின்னம். போட்கர் பெயரும் அதில் இல்லை, சிர்ன்ஹௌஸ் பெயரும் இல்லை. ராஜாவுக்கோ ஆசை அடங்கவில்லை. 1717இல் பிரஷ்ய அரசனுக்கு 600 போர்வீரர்களைக் கொடுத்து 151 சீனப் பாண்டங்களை வாங்கிக்கொண்டார். அந்தக் கணக்கைப் பையன் கடையில் சொன்னபோது, மகன் சிரிப்பதை நிறுத்தினான். ஒரு ஜாடிக்கு நாலு ஆள்.

பையன் கொண்டுவந்த படத்துக்கு வருகிறேன். தொழிற்சாலை 1863இல் கோட்டையைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் புதுக் கட்டடத்துக்குப் போனது. புகை படிந்த வெறும் கோட்டையை என்ன செய்வது? அடுத்த இருபது ஆண்டுகளில் பழுது பார்த்து, சுவரெல்லாம் சாக்சனியின் வரலாற்றை ஓவியமாக எழுதினார்கள். அதில் போட்கருக்கும் ஓர் அறை. பால் கீஸ்லிங் என்ற ஓவியர் அவரை உலைக்கூடத்தில் வரைந்தார். போட்கர் இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு எழுதிய முகம் அது. நம் கடைக்கு வந்த இறந்தவர் படங்களில் இல்லாத காலரை வரைந்தோமே, அதே சங்கதிதான். சுற்றி யார் நின்றாலும் பார்க்கிறவன் கேட்பது ஒரே பெயரைத்தான்.

இதை ஜெர்மன்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்கிறார். சின்ன வயதில் என் அம்மா அவரைக் காட்டி, ‘இந்த ராசாதான்டா இதைக் கட்டுனது’ என்பாள். கல்லைத் தூக்கியவன் யார் என்று நானும் கேட்கவில்லை, அவளுக்கும் அவள் அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

காந்தி படம் எத்தனையோ செய்திருக்கிறேன். அதில் நிறையப் பேர் கேட்பது அரையாடை காந்தி. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் அந்த உடையில் வெளியே வந்தார் என்பது மதுரைக்காரன் எல்லோருக்கும் பாடம். ஆனால் அதற்கு முந்தைய கதையைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயில்பெட்டியில் கூட இருந்தவர்களிடம் காந்தி கதர் உடுத்தச் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டு, நாங்கள் ஏழைகள், கதர் விலைக்கு எங்களால் வாங்க முடியாது என்றார்கள். அந்தப் பதில்தான் அவரை உலுக்கியது. அதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பதிலைச் சொன்னவர்கள் யார்? எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள்? தேசத்தின் மிகப் பெரிய படம் ஒன்றுக்குக் காரணமான அந்த ரயில்பெட்டிக் குரல்கள் எந்தச் சுவரிலும் இல்லை. காந்தியின் பெருமை இதனால் குறையாது. கேட்டுக்கொண்டாரே, அது அவர் பெருமை. என் குறையெல்லாம் படத்தைப் பார்க்கிறவன் மேல்தான்.

பீங்கான் என்றதும் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்காதீர்கள். போட்கர் பிறப்பதற்கு முந்நூறு நானூறு வருஷம் முன்பே சீனப் பீங்கான் நம் பாண்டியநாட்டுக் கரையில் வந்து இறங்கியிருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் ஜப்பானின் நொபொரு கராஷிமாவும் ஆராய்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்டங்களின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. எந்தக் கப்பல்காரன் கொண்டுவந்தான், எந்தக் கூலி இறக்கினான், யார் வீட்டு அரிவாள்மனை இடித்து உடைந்தது? கீழடியில் அதற்கும் வெகுகாலம் முன்பே, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறது. அது பானைக்குச் சொந்தக்காரர் பெயராக இருக்கும் என்பதே பொதுவான கருத்து. வாங்கியவன் பெயர் எழுதிக்கொண்டான். வனைந்தவனுக்கு எழுத இடமில்லை.

ஆனாலும் நம் ஊர்ப்பக்கம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. மேலூர், சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடத்த ஊர் முடிவு செய்தால், முதல் காரியம் பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து மரியாதையோடு குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் மண்குதிரைக்கு வேலை தொடங்கும். விழாவன்று குதிரை ஊர்வலமாகப் போகும், பிறகு காட்டுக் கோயிலில் வெயிலிலும் மழையிலும் நின்று கரையும். அடுத்த புரவிக்கு மறுபடியும் பிடிமண். பொருள் போய்விடுகிறது, செய்தவரிடம் போய்க் கேட்கும் முறை போகவில்லை. சுவரில் படம் மாட்டி வைப்பதைவிட இது உசத்தி என்பது என் எண்ணம். மானாமதுரையில் கடம் செய்கிறவர்களைப் பாருங்கள்: உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனமாக்குகிறார்கள். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்யும் குடும்பங்களில் ஒருவரான மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது. கச்சேரியில் கடம் வாசிக்கிறவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். கடத்தைத் தட்டிச் செய்தவர் பெயருக்கு அகாடமி வரை போகவேண்டி இருக்கிறது.

அந்தப் பையன் படத்தை வாங்க வந்தபோது நான்தான் கடையில் இருந்தேன். தேக்குச் சட்டம், உள்ளே வெளிர் மவுண்ட், பின்னால் அட்டை வைத்துச் சின்ன ஆணி அடித்து, மயில்துத்தம் கலந்த பசையால் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தேன், பூச்சி வராது. அந்தத் தாளில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன்: சிர்ன்ஹௌஸ். ஓஹைன். ஸ்டோல்சல். பிரைபெர்க் சுரங்க ஆட்கள். கீஸ்லிங், ஓவியர். அச்சடித்தவர் பெயர் தெரியவில்லை.

பையன் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்படிப் போனா ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஒரு லிஸ்ட் போடணுமேய்யா” என்றான்.

“போடலாமே. ரெண்டடிக்கு ஒண்ணரையடி இடம் சும்மாதானே கிடக்கு?” என்றேன்.

“அப்ப உங்க பேரைப் போடலையே?”

மகன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “அவரு பேரு வேணாம் தம்பி, பில்லுல இருக்கு” என்றான். பையன் விடவில்லை, பேனாவை வாங்கி, தச்சு வேலை செய்த எங்கள் கடை ஆள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டான். பிறகு தன் வீட்டைக் கட்டிய கொத்தனாரின் பெயர் என்ன என்று அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டான். அப்பாவுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.